சத்தமில்லாமல் இறங்கிய கார்

இரண்டு மாடுகளைப் பூட்டி ஒரு புதுக் காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஹட்டனில் அன்றைக்கு விடிந்ததிலிருந்தே தூறல். மாடுகளின் முதுகில் ஆவி பறந்தது. காரின் மட்கார்டில் அப்பியிருந்த சேறு கரைந்து ஒழுகி, கராஜ் வாசல்வரை ஒரு செம்மண் கோடு விழுந்திருந்தது.

உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வீரமலை. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரையின் டிரைவர். எப்போதும் காக்கித் தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பார். அன்றைக்குத் தொப்பி இல்லை. தலையில் ஈரத் துண்டு ஒன்று கிடந்தது. அவர் இறங்கும்போது அது நழுவியது. மொட்டைத் தலை.

யாருக்கு என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"பேச்சி போயிட்டா மிக்கேலு."

பேச்சி அவருடைய மனைவி. கொள்ளி வைக்க ஆண் பிள்ளை இல்லாததால் அவரே மொட்டை போட்டு எல்லாக் காரியமும் செய்திருக்கிறார். அது முடிந்த கையோடு துரை அவரைக் கூப்பிட்டு, பாலத்தடியில் மழையில் நின்ற காரைக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்.

கராஜில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் சொல்லியிருந்தேன். இது அதற்குச் சில வருஷம் கழித்து நடந்தது. முப்பதுகளின் பின்பாதி. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். யுத்தம் இன்னும் வரவில்லை, பெட்ரோலுக்குக் கூப்பன் வரவில்லை, அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

உசுரு இருக்கிற இடம்

பேச்சியை நான் ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். பங்களாவுக்குக் கார் வேலையாகப் போனபோது பார்த்தது. ஒல்லியான பெண். கொழுந்துக் கூடையின் கயிறு பட்டுப் பட்டு நெற்றிக்கு மேலே முடி கொஞ்சம் உதிர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமையானால் வேலைக்குப் போகிற வழியில் கார் கொட்டகைக்கு வந்துவிடுவாள். கையில் சின்னப் பித்தளைக் கிண்ணம், அதில் அரைத்த சந்தனம், மடியில் குங்குமம்.

ரேடியேட்டரில் ஒரு பொட்டு. ஸ்டீயரிங் நடுவில் ஒரு பொட்டு. கடைசியாக டேஷ் போர்டில் சாவி போடுகிற இடத்தில் ஒரு பொட்டு, அதுதான் இருப்பதிலேயே பெரிசு. சாவித் துவாரத்தில் எதற்கு என்று நான் ஒரு தடவை கேலியாகக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"அங்கதானேங்க அதுக்கு உசுரு இருக்கு. அவங்க சாவி போட்டாத்தானே முழிச்சுக்குது."

நான் வேதக்காரன். என்னுடைய டூல்ஸ் பெட்டிக்குள் அந்தோனியார் சுரூபம் கிடந்தது. ஸ்பானர் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து அதில் அந்தோனியாரின் மூக்கே தேய்ந்துபோயிருந்தது. ஆகையால் அடுத்தவர் பொட்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குமேல் கேட்காமல் விட்டேன்.

துரைக்கு இதெல்லாம் பிடிக்காது. புதுக் காரில் மஞ்சளும் சிவப்புமாக என்ன அசிங்கம் என்று ஒருமுறை கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் பொட்டு வைத்துவிட்டுப் போவாள், துரை வருவதற்குள் வீரமலை துணியால் துடைத்துவிடுவார். வைக்காதே என்று அவளிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. துடைப்பதை அவளிடம் சொல்லவும் இல்லை. வெளியே தெரிந்தது துணியோடு போய்விடும். துவாரத்துக்குள் போனதை யார் பார்த்தது?

அத்தனை வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தவள் ஒரு நாளும் அந்தக் காரில் ஏறியதில்லை. கொழுந்து பறிக்கிறவள் துரை காரில் எப்படி ஏறுவது? சீட்டை மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பாளாம். கன்னுக்குட்டித் தோல் மாதிரி இருக்கிறது என்பாளாம்.

மூக்கு இறக்கத்தைப் பார்க்க வேண்டும்

இந்த இடத்தில் மலைநாட்டு டிரைவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சமவெளி வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் டிரைவர்கள் காரை எங்கே நிறுத்தினாலும் அதன் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார்கள். குளிரில் பேட்டரிக்குச் சீக்கிரம் சோர்வு வந்துவிடும். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் அது திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும். இறக்கத்தில் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பிரேக்கை எடுத்தால் கார் உருளும். வேகம் பிடித்ததும் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் உயிர் பிடித்துக்கொள்ளும்.

இது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். நுவரெலியா ஏரிக்கரைக்குப் போனால் சமநிலத்தைப் பார்த்து முழிப்பார்கள். ஹட்டனில் சமமான இடம் எங்கே என்று ஒரு டிரைவரைக் கேட்டால் உடனே காட்டிவிடுவான், ஏனென்றால் அங்கேதான் அவன் காரை நிறுத்தவே மாட்டான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு, காரைத் திருப்பி இறக்கத்தில் நிறுத்த ஒரு டிரைவர் பட்ட பாட்டை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேளக்காரர்கள் அதுவரை வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

வேடிக்கைதான். ஆனால் இதில் ஒரு கெடுதலும் இருந்தது. கார் எப்படியும் கிளம்பிவிடுவதால் ஸ்டார்ட்டருக்கோ அதன் சுவிட்சுக்கோ உடம்பு சரியில்லை என்பது யாருக்கும் தெரியாது. இறக்கம் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

இறக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சக்கரம் உருண்டு எஞ்சினைச் சுற்றிவிடலாம், ஆனால் உள்ளே பொறி விழாமல் அது ஓடாது. பொறிக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் சாவிச் சுவிட்சு வழியாகத்தான் போக வேண்டும்.

'டக்'

அதுவரை நான் பழகிய கார்களில் ஸ்டார்ட்டர் காலடியில் இருந்தது. மிதித்தால் பேட்டரியின் முழு மின்சாரமும் நேராக மோட்டாருக்குப் போகும். வீரமலை ஓட்டிய கார் அப்போதுதான் வந்த புது மாதிரி. அதில் சாவியைத் திருப்பிவிட்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்.

பொத்தான் வழியே போவது கொஞ்ச மின்சாரம். அது பானட்டுக்குள் இருக்கிற சொலினாய்டு என்ற சின்ன டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் ஓர் இரும்புத் துண்டு 'டக்' என்று துள்ளிப் பெரிய மின்சாரத்துக்கு வழிவிடும். துரை மணியை அடித்தால் பங்களாவில் வேலைக்கார அப்பு ஓடிவந்து கதவைத் திறப்பது போலத்தான்.

எங்களுக்கு அந்த 'டக்'தான் நாடித் துடிப்பு. சத்தம் கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால் டப்பாவின் தகடு கருகியிருக்கும், அல்லது மோட்டாரில் கோளாறு. 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சத்து இல்லை. ஒரு சத்தமும் இல்லையென்றால் மணி அடித்தது அப்புவின் காதுக்கே போகவில்லை. அப்போது தேட வேண்டியது டப்பாவுக்கு முன்னால் இருக்கிற வழியை. வயர், பொத்தான், சாவி.

அந்தச் சனிக்கிழமை

வீரமலை கராஜில் ஒரு கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். கடைசிவரை குடிக்கவில்லை.

பேச்சி நிறைமாதம். முதல் பிள்ளை தனத்துக்கு அப்போது நாலைந்து வயது இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் வலி வந்து, வலியோடு ரத்தமும் போக ஆரம்பித்தது. தோட்டத்து மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மருந்துக்கார ஐயா வந்து பார்த்து, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

துரை வேறொரு துரையின் காரில் நுவரெலியாவுக்குப் போயிருந்தார். வீரமலை மழையில் நனைந்தபடி பங்களா வாசலில் போய் நின்றார். துரைசானி வெளியே வந்து கேட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போ என்று உடனே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டக்காட்டில் அப்படிச் சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை.

பேச்சியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். மருத்துவச்சி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வீரமலை சாவியைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினார். சத்தம் இல்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. கார்தான் இறக்கத்தைப் பார்த்து நிற்கிறதே.

பிரேக்கை எடுத்தார். கார் உருண்டது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி குலுங்கியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. அடுத்த வளைவில் மறுபடி பார்த்தார். அதே குலுக்கல்தான். குலுங்கும்போது பின்னால் அவள் வலியில் முனகியதைக் கேட்டதும் கியரை எடுத்துவிட்டார். பங்களாவிலிருந்து ஆற்றுப் பாலம்வரை ஒரே இறக்கம். போகிற மட்டும் போகட்டும், ரோட்டுக்கு அவ்வளவு தூரம் கிட்டவாவது போகலாம் என்று சும்மா உருளவிட்டார்.

பாலத்தடியில் சமநிலம். கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது.

இறங்கி ஹேண்டில் போட்டுச் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரியும்வரை சுற்றினார். சொல்லிவிட்டுக் கையை விரித்துக் காட்டினார், காயம் இன்னும் ஆறவில்லை. பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, கம்பில் கம்பளியைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தார்கள். பெரிய ரோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை.

கார் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளா? மருந்துக்கார ஐயாவை நான் பிறகு ஒரு நாள் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

"நான் என்னா தப்புப் பண்ணுனேன்னு பாத்துச் சொல்லு," என்றார் வீரமலை. "துரையும் கேக்குறாரு. அத விடு. எனக்குத் தெரியணும்."

பேட்டரிக்குத் தண்ணீர் விட மறந்தேனா, காரைக் கழுவும்போது எங்காவது ஈரத்தை விட்டேனா, பெட்ரோலில் தூசி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலு ராத்திரி தூங்காமல் யோசித்த கேள்விகள். எந்தக் கேள்வியிலும் குற்றவாளி அவரேதான்.

எதுவும் கெட்டுப்போகவில்லை

பானட்டைத் திறந்தேன். வீரமலையைக் காருக்குள் உட்காரவைத்து, முதலில் விளக்கைப் போடச் சொன்னேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ஹார்ன் அடிக்கச் சொன்னேன். கராஜே அதிர்ந்தது. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது.

விளக்கு எரியும்போதே சாவியைத் திருப்பிப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டாருக்கு மின்சாரம் போனால் வெளிச்சம் கொஞ்சமாவது மங்க வேண்டும். துளியும் மங்கவில்லை. 'டக்' சத்தமும் இல்லை.

ஒரு வயரை எடுத்துப் பேட்டரியிலிருந்து நேராகச் சொலினாய்டின் சின்ன முனையைத் தொட்டேன். 'டக்' என்றது. ஸ்டார்ட்டர் உறுமி எஞ்சினைச் சுற்றியது. வீரமலை காரிலிருந்து துள்ளி இறங்கிவிட்டார்.

இன்னொரு வயரைப் பேட்டரியிலிருந்து, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலுக்குக் கட்டினேன். மறுபடி தொட்டேன். இந்தத் தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. அருமையான எஞ்சின். அரைச் சுற்றிலேயே பிடித்து, ஒரு இருமல் இல்லாமல் சீராக ஓடியது.

வீரமலை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. எஞ்சின் சத்தத்தில் அவர் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் அவசரமாக வயரைப் பிடுங்கினேன். பாலத்தடியில் கிடைக்காத சத்தத்தை அவர் முன்னால் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

டேஷ் போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வயர் கட்டிய ஒரு பல்பை வைத்துச் சாவிச் சுவிட்சைச் சோதித்தேன். மின்சாரம் உள்ளே வருகிற முனையில் பல்பு எரிந்தது. வெளியே போகிற முனையில், சாவியைத் திருப்பி வைத்தும் எரியவில்லை. வழி அடைத்திருந்தது சுவிட்சுக்குள். கழற்றி வெளியே எடுத்தேன்.

திறந்ததும் வந்த வாசனை

பின்மூடியின் தகட்டை நெம்பியதும் முதலில் வந்தது வாசனை. கிரீஸும் பெட்ரோலும் நாறுகிற அந்த இடத்தில் கோயில் வாசனை.

உள்ளே சந்தனம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைத்த பொட்டைச் சாவி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளியிருக்கிறது. அது காய்ந்து, அதன்மேல் அடுத்தது ஏறிக் காய்ந்து, நடுநடுவே குங்குமம் சிவப்பாகத் தெரிந்தது. சாவி திரும்பும்போது ஒன்றையொன்று தொட வேண்டிய பித்தளைத் தகடுகளுக்கு நடுவில் அது கல்லாக இறுகியிருந்தது. மழைக்கால ஈரத்தில் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் வைத்த பொட்டுத்தான் கடைசியாக இருந்த இடைவெளியையும் அடைத்திருக்க வேண்டும்.

நான் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். ஈரம் ஏறியிருக்கிறது என்று ஏதோ சொன்னேன். ஆனால் அவருக்கும் மூக்கு இருந்தது. கையை நீட்டினார். கொடுத்தேன்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தார். ரோட்டில் மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டு நின்றன.

"இது அவ கை," என்றார். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாந்தான் தொடைக்கிறேன்னு அமுக்கி உள்ள தள்ளியிருக்கேன்," என்றார்.

துரையிடம் உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். இதில் யார் மேலும் குற்றம் இல்லை, அவர் வேலைக்கும் ஆபத்து வராது என்று சமாதானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு என் தோளைப் பிடித்தார்.

"சொல்லாத மிக்கேலு. வண்டி கழுவுறப்ப நான் தண்ணிய உள்ள வுட்டுட்டேன்னு சொல்லு."

"வேல போயிரும்ணே."

"போவட்டும். உள்ளதச் சொன்னா துரைமாரு கிளப்புல உக்காந்து அவளச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. லயத்துல, அவ கையாலயே அவ உசுர முடிச்சுக்கிட்டான்னு பேசுவாங்க. தனம் அதக் கேட்டுக்கிட்டா வளரணும்?"

"தனம் பெரிய மனுசியாகி வந்து என்னையக் கேட்டா?"

யோசித்தார். "கேட்டா சொல்லு. கேக்காட்டி வுட்டுரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவளின் பெயரைக் காப்பாற்ற, இருக்கிறவர் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா? சொல்லிப் பார்த்தேன். அவர் சுவிட்சைத் துண்டில் முடிந்துகொண்டு, மாடுகளை அவிழ்க்கப் போய்விட்டார்.

தண்ணீர் விட்டவன்

பழைய கார் ஒன்றிலிருந்து வேறொரு சுவிட்சைக் கழற்றிப் பொருத்திக் காரைக் கொடுத்தேன். துரை கராஜுக்கே வந்து என்ன கோளாறு என்று விசாரித்தார். தண்ணீர் என்றேன். வீரமலையைப் பார்த்தார். ஆமாங்க, கழுவும்போது கவனிக்கவில்லை என்றார் வீரமலை. அந்த வாரமே வேலை நீக்கிய பத்துச்சீட்டைக் கொடுத்து அவரைத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். மற்றது தெரியாது. பேச்சியின் அண்ணன் வலப்பனைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தார். பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு காரை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் பிள்ளையை எப்படி வளர்ப்பான் என்று வந்து கேட்டார். தனத்தைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அங்கே அவள் எதைக் கேட்டு வளர்ந்தாள் என்பது பின்னால் எனக்குத் தெரியவந்தது. ஒங்கப்பன் கவனக்குறைவாலதான் ஒங்கம்மா செத்தா. இதை அடுப்படியில் கேட்டாள், மலையில் கேட்டாள், மாமன் குடித்துவிட்டு வந்த நாளிலும் கேட்டாள். தகப்பன் பார்க்க வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாளாம். அவரும் வருவதைக் குறைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு அவரை அழைக்கவில்லை.

வீரமலை நோட்டன் பிரிட்ஜில் லொறி ஓட்டினார். பிறகு மலையேறிச் சாமி கும்பிடுகிற சீசன் காலத்தில் ஹட்டனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு யாத்திரை பஸ் ஓட்டினார். மலைக்குப் போகிற பஸ்கள் எல்லாம் பூவும் எலுமிச்சம்பழமுமாகத் தேர் மாதிரி வரும். அவர் பஸ்ஸில் ஒரு பொட்டுக்கூட இருக்காது. சாமி நம்பிக்கை இல்லாத டிரைவர் என்று சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார்கள். அவர் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுவார். மழை, ரோடு, டயர் என்று பேசுவோம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை. அவர் இந்த வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற நாட்களில் காலமானார். நான் முழங்கால் வலியில் படுத்துக் கிடந்ததால் போக முடியவில்லை.

சிவப்புத் துணி

போன மாதம் ஒரு பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு பட்ட இடத்தில் முடி உதிர்ந்திருந்தது. பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தகப்பனின் சாவுக்கு ஊருக்காகப் போய் வந்ததாகச் சொன்னாள். அவர் சாமான்களை அக்கம்பக்கத்தார் கொடுத்திருக்கிறார்கள். சாமி படத்துக்குக் கீழே ஒரு சிவப்புத் துணி முடிச்சு இருந்ததாம். மடியிலிருந்து அதை எடுத்து என் முன்னால் அவிழ்த்து வைத்தாள். உள்ளே அந்தப் பழைய சாவிச் சுவிட்சு.

"வண்டிக்குக்கூடப் பொட்டு வைக்காத மனுசன், வெள்ளிக்கெழம தவறாம இதுக்குப் பொட்டு வைப்பாராம். ஹட்டன்ல கேட்டா ஒங்கள காட்டுனாங்க. இது என்னா மாமா?"

கேட்டால் சொல்லு என்றிருந்தார். கேட்டுவிட்டாள்.

சொன்னேன். டக் சத்தத்தையும், பல்பு எரியாத முனையையும், வாசனையையும், தண்ணீர் விட்டவன் என்று சொல்லச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் முடித்த பிறகு அந்தச் சுவிட்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மேலே இருந்தது தகப்பன் வைத்த சந்தனம், உள்ளே இருந்தது தாய் வைத்தது. எது எது என்று யார் பிரிப்பது?

கதவுக்குப் பின்னால் நின்றதைச் சொல்லி அப்போதுதான் அழுதாள். அப்பா வாசலில் உட்கார்ந்து, வாங்கிவந்த பிஸ்கட்டை அவள் வந்து தின்ன மாட்டாளா என்று கதவையே பார்த்துக்கொண்டு இருப்பாராம். ஆற்றத் தெரியாமல் நானும் சேர்ந்து அழுதேன். இந்த வயதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டது நான்தான். எழுதச் சொன்னாள். அப்பா தண்ணீர் விடவில்லை என்பதை வலப்பனையில் எல்லோரும் படிக்க வேண்டும் என்றாள். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் செய்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை என்றாள்.

போவதற்கு எழுந்தவள் வாசலில் நின்றாள். அம்மா முகமே ஞாபகம் இல்லை, அன்றைக்கு அவள் ஏதாவது பேசியதாக அப்பா சொன்னாரா என்று கேட்டாள்.

சொல்லியிருந்தார். கராஜில் டிரம் மேல் உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தார். பாலத்துக்கு உருண்டு போகிறபோது மழைச் சத்தம் மட்டும்தான் இருந்ததாம். பின் சீட்டில் பேச்சி கண்ணைத் திறந்தாளாம். முதல் தடவையாகக் காரில் போகிறாள். சன்னலில் தேயிலைச் செடிகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். கார் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"'துரை காருன்னா இப்படித்தான் சத்தமே இல்லாமப் போகுமாங்க'ன்னு கேட்டாளாம்," என்றேன்.

தனம் சிவப்புத் துணியை முடிந்துகொண்டே நின்றாள்.

"அப்பா என்னா சொன்னாரு?"

"'ஆமா புள்ள, இப்படித்தான் போகும்'ன்னாராம்."